மாநகர் மன்றம் சொன்னதைச் செய்ததா? வரி கட்டுவோர் பார்க்க வேண்டிய கணக்கு

கிள்ளான் 2024 பிப்ரவரி 5-ஆம் தேதி மாநகரமானது. நகராண்மைக் கழகம் என்ற பெயர் போய், கிள்ளான் அரச மாநகர் மன்றம் என்ற புதிய பெயர் வந்தது. அதற்கு முன் 2015-இல் பினாங்குத் தீவும், 2019-இல் செபராங் பிறையும், 2020-இல் சுபாங் ஜெயாவும் மாநகரங்களாயின. ஓர் ஊர் மாநகரமாக வேண்டுமானால் குறைந்தது 5 லட்சம் பேர் அங்கு வாழ வேண்டும், மன்றத்தின் ஆண்டு வருமானம் 10 கோடி ரிங்கிட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் அளவுகோல்களில் முக்கியமானது.

பெயர் மாறியதும் வீட்டுக்கு முன்னால் உள்ள கால்வாய் மாறிவிடுமா? இந்தக் கேள்வியைக் கிள்ளானில் மட்டுமல்ல, ஈப்போவிலும் சிரம்பானிலும் ஜொகூர் பாருவிலும் நம் மக்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் மன்றங்கள் தங்கள் முன்னுரிமைகளை அறிவிக்கின்றன. தூய்மை, வெள்ளத் தடுப்பு, சாலைப் பராமரிப்பு, மலிவு விலை அடுக்குமாடிகளின் பழுதுபார்ப்பு, சிறு வணிகர்களுக்கு இடம், பாதுகாப்பு என்று பட்டியல் நீள்கிறது. ஆண்டு முடியும்போது இத்தனை விழுக்காடு நிறைவேறியது என்று ஓர் அறிக்கையும் வருகிறது.

அந்த விழுக்காட்டைப் படிப்பது எப்படி? யாரிடம் கணக்குக் கேட்பது? தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் அடுக்குமாடிக்கு வந்துவிட்டவர்களுக்கும் இதில் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் மன்றத்தில் முடிவெடுப்பவர்கள் யார்?

நாட்டில் மூன்று அடுக்கு நிர்வாகம் இருக்கிறது. மத்திய அரசு, மாநில அரசு, அதற்குக் கீழே ஊராட்சி மன்றங்கள். மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம் ஆகிய மூன்றுமே ஊராட்சி மன்றங்கள்தாம். தீபகற்பத்தில் இவை 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 171-இன் கீழ் இயங்குகின்றன.

ஒரு மன்றத்தில் மேயர் அல்லது தலைவர் ஒருவரும், 8 பேருக்குக் குறையாமல் 24 பேருக்கு மேற்போகாமல் உறுப்பினர்களும் இருப்பார்கள். இவர்களை நியமிப்பது மாநில அரசு. ஒரு தவணை 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் மாநிலத்தை ஆளும் கட்சிகள் தங்களுக்குள் இடங்களைப் பிரித்துக்கொள்கின்றன. சில மாநிலங்களில் அரசு சாரா இயக்கத்தினருக்கும் சில இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஒவ்வோர் உறுப்பினருக்கும் பொதுவாக ஒரு வட்டாரம் பொறுப்பாகத் தரப்படும். நம் தாமானுக்குப் பொறுப்பான உறுப்பினர் யார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சட்டமன்ற உறுப்பினரைத் தெரியும், நாடாளுமன்ற உறுப்பினரைத் தெரியும். ஆனால் கால்வாய்க்கும் தெருவிளக்குக்கும் அங்காடி உரிமத்துக்கும் முதலில் தேட வேண்டியவர் மன்ற உறுப்பினர்தான்.

கோலாலம்பூரின் நிலை வேறு. அங்கே மாநகர் மன்றம் கூட்டரசுப் பிரதேசத்தின் கீழ் வருகிறது. மற்ற ஊர்களைப் போல் மன்ற உறுப்பினர்கள் கிடையாது. டத்தோ பண்டாரும் ஓர் ஆலோசனை வாரியமும் மட்டுமே.

ஓட்டு எப்படிப் போனது?

நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் இருந்ததா என்று இளையோர் கேட்பதுண்டு. இருந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் 1955-இல்தான் வந்தது. அதற்கு முன்பே நகர மக்கள் தங்கள் மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

1965-இல் இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில் அரசாங்கம் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தது. அதே காலத்தில் ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமையேற்றவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். ம.இ.கா.வின் மூத்த தலைவர்களுள் ஒருவரான அவர் பின்னாளில் அமைச்சராகவும் இருந்தவர். ஆணையத்தின் அறிக்கை 1968-இல் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே தொடர வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை.

அந்தப் பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை. 1973-இல் தொடங்கிய மறுசீரமைப்பில் தீபகற்பத்தில் இருந்த 373 சிறிய பெரிய ஊராட்சி அமைப்புகள் இணைக்கப்பட்டன. 1976 சட்டத்தின் 15-ஆவது பிரிவு ஊராட்சித் தேர்தலை முடிவுக்குக் கொண்டுவந்தது. பினாங்கு மாநில அரசு 2012-இல் தனிச் சட்டம் இயற்றி அதை மீட்க முயன்றது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த மாநிலச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. சொன்னதைச் செய்யாத உறுப்பினரை ஓட்டுப் போட்டு மாற்ற நமக்கு வழியில்லை. ஆகவே மன்றத்திடம் கணக்குக் கேட்க வேறு வழிகள்தாம் இருக்கின்றன. வரவு செலவுத் திட்டம், பொதுவில் நடக்கும் மன்றக் கூட்டம், எழுத்துப்பூர்வமான புகார், ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை ஆகியவை அவை. இவற்றை நாம் பயன்படுத்தாவிட்டால் கேட்பவர் எவரும் இல்லாமல் போய்விடுவர்.

பணம் நம்முடையது

மன்றத்தின் வருமானத்தில் பெரிய பங்கு மதிப்பீட்டு வரி. சுக்காய் தக்சிரான், சுக்காய் பிந்து என்று நாம் சொல்வது இதைத்தான். நில அலுவலகத்துக்குக் கட்டும் நில வரி வேறு, இது வேறு. ஆண்டுக்கு இரண்டு முறை, வழக்கமாக பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும் கட்ட வேண்டும்.

பல மாநிலங்களில் இந்த வரி வீட்டின் ஆண்டு மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆண்டு மதிப்பு என்றால், அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு. ஓர் எடுத்துக்காட்டுக்கு, மாதம் 600 ரிங்கிட் வாடகை பெறக்கூடிய ஒரு வீட்டின் ஆண்டு மதிப்பு 7,200 ரிங்கிட். மன்றத்தின் வரி விகிதம் 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 360 ரிங்கிட், அரையாண்டுக்கு 180 ரிங்கிட். ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டுக்கு மேல் வரி விதிக்கக் கூடாது என்று சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. ஜொகூரில் சொத்தின் மதிப்பை அடிப்படையாகக் கொண்ட வேறு முறை பின்பற்றப்படுகிறது.

ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை மதிப்பீட்டுப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் பல மன்றங்கள் நீண்ட காலம் அதைச் செய்யாமல் விட்டன. 2025-இல் சிலாங்கூரின் 12 ஊராட்சி மன்றங்களிலும் வரி திருத்தப்பட்டபோது, உயர்வு 25 விழுக்காட்டைத் தாண்டாது என்று மாநில அரசு அறிவிக்க வேண்டியிருந்தது இதனால்தான்.

புதிய மதிப்பீடு பற்றிய கடிதம் வந்ததும் பலர் அதை ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். அதில் ஆட்சேபம் தெரிவிக்கும் நாள் குறிப்பிடப்பட்டிருக்கும். மதிப்பு அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்று கருதினால், மறு ஆய்வுக்குக் குறிக்கப்பட்ட நாளுக்கு 14 நாள்களுக்கு முன்பே எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். மன்றம் விசாரணைக்கு அழைக்கும். அதன் முடிவிலும் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றம் போகச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதே தெருவில் அதே அளவிலான வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்ற விவரத்தோடு போனால் பேச்சுக்கு வலு இருக்கும்.

இந்தக் கால்வாய் யாருடையது?

மன்றத்தின் முன்னேற்ற அறிக்கையைப் படிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் தெருவில் உள்ள எல்லாமே மன்றத்தின் பொறுப்பில் இருப்பதில்லை. புகார் தவறான அலுவலகத்துக்குப் போனால் அது அங்கேயே தங்கிவிடும். மன்றத்தின் கணக்கிலும் அது ஏறாது.

கூட்டரசுச் சாலைகளுக்குப் பொதுப்பணித் துறையான ஜேகேஆர் பொறுப்பு. தாமானுக்குள் உள்ள சாலைகள், வீடுகளுக்கு முன்னால் ஓடும் சிறு கால்வாய்கள், பூங்காக்கள், சந்தைகள் ஆகியவை மன்றத்தின் பொறுப்பு. ஆறுகளுக்கும் பெரிய வெள்ள வடிகால்களுக்கும் ஜேபிஎஸ் எனப்படும் வடிகால், நீர்ப்பாசனத் துறையை நாட வேண்டும். தாமானுக்குள் வெள்ளம் ஏறுவது சிறு கால்வாய் அடைப்பாலா, ஆறு நிரம்பியதாலா என்று பார்த்து எழுதினால் பதில் விரைவாக வரும்.

குப்பை விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு. 2007-ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பர் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தபோது கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகியவற்றில் குப்பை அகற்றும் பணி மத்திய அரசின் பொறுப்புக்குப் போனது. சிலாங்கூர், பினாங்கு, பேரா போன்ற மாநிலங்கள் அதில் சேரவில்லை. ஆகவே பினாங்கில் குப்பைக்கு மன்றத்தைக் கேட்கலாம். ஜொகூர் பாருவில் அதே கேள்வியை எஸ்டபிள்யூகார்ப் நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

அடுக்குமாடிவாசிகளுக்கு இன்னொரு கோடு இருக்கிறது. வேலிக்கு வெளியே மன்றம், வேலிக்கு உள்ளே நிர்வாகக் குழு. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி மின்தூக்கி, படிக்கட்டு விளக்கு, தண்ணீர்த் தொட்டி, கூரை எல்லாம் வீட்டு உரிமையாளர்களின் கூட்டு நிர்வாகக் குழுவின் பொறுப்பு. பராமரிப்புக் கட்டணத்தைப் பலர் கட்டாத மலிவு விலை அடுக்குமாடிகளில் மின்தூக்கி மாதக்கணக்கில் நிற்பதற்குக் காரணம் இதுதான். குழுவே இயங்கவில்லை, கணக்குக் காட்ட மறுக்கிறது என்றால் புகார் செய்ய வேண்டிய இடம் கட்டட ஆணையர் அலுவலகம். சிஓபி எனப்படும் அந்த அலுவலகம் பெரும்பாலும் ஊராட்சி மன்றத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அடுக்குமாடிகளின் பழுதுபார்ப்பு தன் முன்னுரிமை என்று ஒரு மன்றம் சொன்னால், எத்தனை நிர்வாகக் குழுக்கள் முறையாகப் பொதுக்கூட்டம் நடத்துகின்றன, எத்தனை குழுக்களின் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுள்ளது என்பதையும் அதனிடம் கேட்க வேண்டும்.

தோட்டத்தில் இன்னும் குடியிருப்பவர்களின் நிலை வேறு. தோட்டம் தனியார் நிலம். லயத்து வீடு, குடிநீர், கால்வாய், குழந்தைகள் பராமரிப்பு நிலையம் ஆகியவற்றுக்கு 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 446-இன் கீழ் முதலாளிதான் பொறுப்பு. அதைக் கண்காணிப்பது தொழிலாளர் இலாகா. ஆகவே தோட்டத்து வீட்டின் கூரை ஒழுகினால் மன்றத்துக்கு எழுதிப் பயனில்லை. ஆனால் அந்தத் தோட்டமே வீடமைப்புத் திட்டத்துக்குப் போகும் நாளில் மன்றம் முக்கியமாகிவிடுகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

90 விழுக்காடு என்றால் என்ன?

மன்றங்களின் வேலையை அளக்கச் சில முறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு மன்றத்துக்கும் வாடிக்கையாளர் சாசனம் ஒன்று இருக்கும். பியாகாம் பெலாங்கான் என்று அகப்பக்கத்தில் தேடினால் கிடைக்கும். உரிம விண்ணப்பத்துக்கு இத்தனை நாள், தெருவிளக்குப் புகாருக்கு இத்தனை நாள் என்று அதில் வாக்குறுதி இருக்கும். அந்த வாக்குறுதி எந்த அளவுக்கு நிறைவேறியது என்ற விழுக்காட்டையும் வெளியிடுவார்கள். வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு மன்றங்களுக்கு நட்சத்திரத் தரம் வழங்குகிறது. நகரமைப்புத் துறையான பிளான்மலேசியா, முர்னிநெட்ஸ் என்ற அளவீட்டின் வழி நகரங்களின் நீடித்த மேம்பாட்டை மதிப்பிடுகிறது. பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், சுபாங் ஜெயா போன்ற மாநகர் மன்றங்கள் ஐக்கிய நாடுகள் சபையின் நீடித்த மேம்பாட்டு இலக்குகளை ஒட்டித் தங்கள் நகர அறிக்கைகளையும் தயாரித்திருக்கின்றன.

இவையெல்லாம் பயனுள்ளவைதாம். ஆனால் எண்ணைப் பார்க்கும்போது மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, செலவு. கால்வாய்க்கு இத்தனை லட்சம் ஒதுக்கினோம் என்பது செலவு. ஒதுக்கிய பணம் முழுதும் செலவானதா என்பதே அடுத்த கேள்வி.

இரண்டாவது, வேலை. இத்தனை கிலோமீட்டர் கால்வாயைத் துப்புரவு செய்தோம், இத்தனை கோத்தோங் ரோயோங் நடத்தினோம் என்பது வேலை.

மூன்றாவது, பலன். போன மழைக்காலத்தில் எத்தனை வீடுகளில் தண்ணீர் ஏறியது, இந்த மழைக்காலத்தில் எத்தனை வீடுகளில் ஏறியது? இதுதான் பலன். மக்களுக்கு வேண்டியது இந்த மூன்றாவது எண்தான். அறிக்கைகளில் பெரும்பாலும் குறைவாகக் கிடைப்பதும் இதுதான்.

புகார்களின் கணக்கிலும் இதே கவனம் தேவை. புகாரை வேறு துறைக்கு அனுப்பிவிட்டாலும் ஒரு கோப்பை மூடிவிட முடியும். அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனாலும் மூட முடியும். விளக்கு எரிந்தால்தான் நமக்கு அது தீர்வு. ஆகவே 90 விழுக்காடு புகார்களுக்குத் தீர்வு காணப்பட்டது என்று சொல்லப்படும்போது, தீர்வு என்பதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்பதில் தவறில்லை. சராசரிக்குள் ஒளிந்திருப்பதையும் பார்க்க வேண்டும். ஊர் முழுவதும் சராசரியாக நல்ல எண் வந்திருக்கலாம். ஆனால் பழைய அடுக்குமாடிகளும் தோட்டத்திலிருந்து வந்தவர்களின் குடியிருப்புகளும் இருக்கும் வட்டாரத்தின் எண்ணைத் தனியாகக் கேட்டால் படம் வேறாக இருக்கக்கூடும்.

முன்னுரிமையை மக்களே முடிவு செய்தால்?

முன்னுரிமைகளை யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் முக்கியம். 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த பூமி மாநாட்டுக்குப் பின், உள்ளூர் மக்களுடன் கலந்து பேசித் திட்டமிடும் முறை உலகெங்கும் பரவியது. லோக்கல் அஜெண்டா 21 என்ற அந்தத் திட்டத்தை நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் சோதனை முறையில் தொடங்கிய நான்கு ஊர்களில் பெட்டாலிங் ஜெயாவும் ஒன்று. குவாந்தான், கிரியான், மிரி ஆகியவை மற்ற மூன்று. பெட்டாலிங் ஜெயாவில் இன்றும் வட்டாரந்தோறும் குடியிருப்பாளர் பிரதிநிதித்துவ மன்றம் என்ற ஏற்பாடு இருக்கிறது.

பினாங்கு இன்னும் ஒரு படி மேலே போனது. 2012-இல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் அங்குள்ள இரண்டு மன்றங்களும் சேர்ந்து, ஆண் பெண் இருபாலரின் தேவையையும் கருத்தில் கொண்ட பங்கேற்பு வரவு செலவுத் திட்டத்தைத் தொடங்கின. தீவில் ஜாலான் சுங்கை மக்கள் வீடமைப்புப் பகுதியும் செபராங் பிறையில் அம்பாங்கான் வீடமைப்புப் பகுதியும் சோதனைக் களங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. இரண்டுமே குறைந்த வருமானம் உள்ளோர் வாழும் அடுக்குமாடிகள்.

முறை எளிது. முதலில் வீடு வீடாகப் போய் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். அடுத்து பெண்கள், ஆண்கள், இளையோர், முதியோர், உடற்பேறு குறைந்தோர், சிறுவர்கள் எனத் தனித்தனியாக உட்காரவைத்து என்ன தேவை என்று கேட்டார்கள். பின்னர் குடியிருப்பாளர்களே தேவைகளுக்கு ஓட்டுப் போட்டு எதற்கு முதலிடம் என்று முடிவு செய்தார்கள். அதற்கேற்ப மன்றம் பணம் ஒதுக்கியது. கடைசியில் நடந்த வேலையை மக்களே மதிப்பிட்டார்கள்.

ஏன் தனித்தனியாகக் கேட்க வேண்டும்? மின்தூக்கி நின்றுபோனால் வேலைக்குப் போகும் ஆண் முணுமுணுத்துக்கொண்டு படியேறிவிடுவார். கைக்குழந்தையோடு சந்தையிலிருந்து வரும் தாயும், மருத்துவமனைக்குப் போக வேண்டிய பாட்டியும் வீட்டுக்குள் அடைபட்டுவிடுவார்கள். படிக்கட்டில் விளக்கு எரியாதது, இரவு வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கும் பெண்ணுக்குப் பாதுகாப்புப் பிரச்சினை. கூட்டத்தில் எழுந்து பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதால் இந்தக் குரல்கள் முன்னுரிமைப் பட்டியலில் ஏறாமல் போய்விடுகின்றன.

அந்தக் காலத்தில் செபராங் பிறை மன்றத்தின் தலைவராக இருந்து இம்முயற்சிக்கு ஊக்கம் தந்தவர் மைமூனா முகமட் ஷாரிப். பின்னர் பினாங்குத் தீவின் மேயராகவும், 2018-இல் ஐக்கிய நாடுகள் சபையின் குடியிருப்பு அமைப்பின் தலைவராகவும், 2024-இல் கோலாலம்பூர் மேயராகவும் பொறுப்பேற்றவர் அவர். ஓர் அடுக்குமாடியில் தொடங்கும் சிறிய வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சான்று.

கோயில், இடுகாடு, தமிழ்ப்பள்ளி: வரைபடத்தில் இருக்கிறதா?

நம் சமுதாயத்துக்கு மிகப் பெரிய விஷயம் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, தலைமுறைகளாக இருந்த கோயில்களும் இடுகாடுகளும் யாருடைய நிலத்தில் இருக்கின்றன என்ற கேள்வி எழுந்தது. கட்டடம் எத்தனை பழமையானது என்பதை நிலப்பட்டா பார்ப்பதில்லை. கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தில் உள்ள தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலய விவகாரம் இதற்கு அண்மைய பாடம். அந்த நிலம் 2014-இல் தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. நாடே அதைப் பற்றிப் பேசியது 2025-இல். பேச்சு எழுந்தபோது நிலம் கைமாறிப் பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது.

ஒவ்வொரு மன்றத்துக்கும் ரன்சாங்கான் தெம்பாத்தான் எனப்படும் உள்ளூர்த் திட்டம் உண்டு. எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு, எது பள்ளிக்கு, எது வழிபாட்டுக்கு என்று அந்த வரைபடம் சொல்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டத்தின்படி, வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் தர வேண்டும். இந்தக் கட்டத்தில் யாரும் கருத்துச் சொல்லலாம். நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை.

இதைத் தவறவிட்டால் என்ன ஆகும்? உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து 21 நாள் அவகாசம் தருகிறது சட்டம். உரிமையாளர்களுக்குத்தான். தோட்டத்து வீட்டில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவருக்கு அந்தக் கடிதம் வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே தோட்ட மக்களுக்கும் கோயில் நிர்வாகத்தினருக்கும் பள்ளி வாரியத்தினருக்கும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவுதான் பேசுவதற்குரிய மேடை. மன்றத்தின் திட்டப் பிரிவுக்குப் போய் நம் கோயிலும் இடுகாடும் பள்ளியும் எந்த நிறத்தில் காட்டப்பட்டுள்ளன என்று பார்ப்பதற்குப் பணம் தேவையில்லை. வழிபாட்டு நிலமாகக் காட்டப்படவில்லை என்றால் எழுத்து மூலம் கேட்க வேண்டும். பட்டாவும் அரசாங்கப் பதிவேட்டில் ஒதுக்கீடும் பெறும் வேலை நில அலுவலகத்தில் தனியாக நடக்க வேண்டும். வரைபடத்தில் இடம் பெறுவது பட்டாவுக்கு ஈடாகாது, ஆனாலும் நாளை மேம்பாட்டாளர் வரும்போது அது வலுவான ஆதாரம்.

நாம் செய்யக்கூடியவை

முதலில் நம் வட்டாரத்துக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினரின் பெயரை மன்றத்தின் அகப்பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிலாங்கூரில் இருப்பவர்கள் தங்கள் பகுதியின் இந்திய சமூகத் தலைவர் யார் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, எந்தப் புகாரையும் எழுத்து மூலம் செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் கோப்பு உருவாகாது. தேதி, இடம், படம், புகார் எண் நான்கும் கையில் இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். மலாயில் எழுதத் தயக்கம் இருந்தால் படிக்கும் பிள்ளைகளின் உதவியைப் பெறலாம்.

மூன்றாவது, மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு. மன்றம் தனியாகத் தீர்மானித்தால் தவிர கதவை மூட முடியாது. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. குடியிருப்பாளர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாலே, நம் வட்டாரத்தைப் பற்றி யார் பேசுகிறார், யார் பேசவில்லை என்பது தெரிந்துவிடும்.

நான்காவது, ஆண்டு வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன் கேளுங்கள். அடுத்த ஆண்டின் திட்டம் முந்தைய ஆண்டிலேயே தயாராகிவிடும். டிசம்பரில் போய்க் கேட்டால், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்ற பதில்தான் கிடைக்கும். ஆண்டின் நடுவிலேயே ஒரு பக்கத்தில் மூன்று தேவைகளை எழுதி, குடியிருப்பாளர்களின் கையெழுத்தோடு கொடுப்பது நல்லது. முப்பது தேவைகள் கொண்ட மனுவைவிட மூன்று தேவைகள் கொண்ட மனுவுக்குப் பதில் கிடைக்கும்.

ஐந்தாவது, தகவல் மறுக்கப்பட்டால் சிலாங்கூரில் 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், பினாங்கில் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் தகவல் கேட்டு விண்ணப்பிக்கலாம். இந்தத் தகவல் சுதந்திரச் சட்டங்கள் மற்ற பல மாநிலங்களில் இல்லாத வசதி. இருந்தும் பயன்படுத்துவோர் நம்மில் மிகக் குறைவு.

மதிப்பீட்டு வரி ரசீது வரும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அதோடு ஒரு தாளைச் சேர்த்து வையுங்கள். மன்றம் நம் பகுதிக்கு என்ன சொன்னது, எதற்குப் பணம் ஒதுக்கியது, என்ன வேலை நடந்தது, பலன் என்ன, நடக்காதது ஏன் என்று ஐந்து வரி எழுதினால் போதும். இரண்டு ஆண்டுகளில் அது நான்கு தாளாகிவிடும். மன்ற உறுப்பினரின் முன் அந்த நான்கு தாள்களையும் வைத்துப் பேசும் சங்கத்துக்கு, வெறும் கோபத்தோடு வரும் கூட்டத்துக்குக் கிடைக்காத மரியாதை கிடைக்கும்.